புதுசு வராத மாப்பிள்ளை

சுடலைமுத்து சாவதற்கு முன் கடைசியாக என்ன சொன்னான் என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் கட்டிலருகே இருந்தது அவன் பெண்சாதி உலகம்மாள் மட்டும்தான், உலகம்மாளுக்குக் காது கேட்காது.

கீழநீராவி பஜாரில் அவர்களுக்குப் பாத்திரக்கடை இருந்தது. கல்யாணமான புதிதில் வந்த விஷக் காய்ச்சலில் உலகம்மாளின் காது போயிற்று, பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் எதைச் சொன்னாலும் பஜார் முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் சொல்வாள். புருஷன் சொல்வதைப் பாதி உதட்டைப் பார்த்தும் பாதி கையைப் பார்த்தும் தெரிந்துகொள்வாள். அப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு நாள் அவள் போனைச் செய்த கம்பெனி, புதிதாகக் கண்டுபிடித்த ஒரு வசதி சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக, கொஞ்சம் பேருடைய போனில் அதைப் போட்டு விட்டது. எதிரே இருப்பவர் பேசப் பேச, பேச்சு அப்படியே தமிழில் எழுத்தாகத் திரையில் ஓடும். ஊரில் அதற்குப் பேச்செழுத்து என்று பேர் வைத்தார்கள்.

அந்தச் சில மாதங்கள் உலகம்மாள் எதையெல்லாம் படித்தாள் என்று சொல்லி முடியாது. குடம் வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு முகத்தில் சிரிப்போடு வாய்க்குள் திட்டியதைப் படித்தாள், கோயில் மைக்கில் சொன்ன அறிவிப்பைப் படித்தாள், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரோடு போனை வைத்துப் படித்தாள், தான் கோபமாக இருக்கிற நாளில் எல்லாம் புருஷன் தன் முதுகுக்குப் பின்னால் நின்று ‘சரிங்க மகாராணி’ என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்பதையும் அப்போதுதான் படித்தாள். பிறகு ஒரு காலையில் பேச்செழுத்து போய்விட்டது. அது இருந்த இடத்தில், ‘உங்கள் போனின் திறன் இந்த வசதிக்குப் போதாது. புதிய மாடலுக்கு மாறுங்கள்’ என்று இரண்டு வரி நின்றது. நேற்று வரை போதிய திறன் இன்றைக்கு எங்கே போயிற்று என்று கேட்கலாம் என்றால் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. அடுத்த முகூர்த்த மாதத்தில் புதுப் போன் வாங்கிக்கொள்ளலாம் என்று சுடலைமுத்து கையைக் காட்டிச் சொன்னான். அதற்குள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் வாயையும் மூக்கையும் மாஸ்க் மூடியிருந்தது, உதடு தெரியவில்லை. ஆனால் அவன் பேசினான். மாஸ்க்கில் ஆவி படர்ந்து படர்ந்து மறைவதை உலகம்மாள் பார்த்தாள். ஒருவேளை இந்த ஒரு தடவை மனசு இரங்கிவிடாதா என்று போனை அவன் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். அவன் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, இடையில் ஒருமுறை சிரித்துக்கூடப் பேசினான். திரையில் அந்த இரண்டு வரிதான் நின்றது. மாஸ்க்கில் ஆவி படர்வது நின்ற பிறகும் அவள் போனை எடுக்கவில்லை, நர்ஸ் வந்துதான் கையை விலக்கினாள்.

துக்கம் கழிந்த அடுத்த வைகாசியில் ஆவுடையம்மாள் வீட்டில் வளைகாப்பு வந்தது. சுடலைமுத்துவின் சித்தப்பா பெண்சாதி அவள். அவளுடைய ஒரே மகள் குழல்வாய்மொழியை, பெங்களூரில் போன் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை பார்க்கிற கோமதிநாயகத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து பெண்ணைப் பிரசவத்துக்கு விட்டுப் போக மாப்பிள்ளை வந்திருந்தார். புருஷன் போன பெண் வளையல் போடும் இடத்துக்கு வரலாமா என்று முணுமுணுத்தவர்களைக் குழல்வாய்மொழி அடக்கிவிட்டு, “எங்க மதினி வராம எனக்கு வளைகாப்பே வேண்டாம்” என்று ஆள் அனுப்பி உலகம்மாளை வரவழைத்தாள். வந்தவள் எல்லோர் வாயையும் பார்த்துத் திணறக் கூடாதே என்று, மாப்பிள்ளை தனக்கு வாங்கிக் கொடுத்திருந்த புது மாடல் போனில் பேச்செழுத்தைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள். நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான்.

பந்தலில் காஜா மைதீன் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். பஜாரில் டீக்கடை வைத்திருப்பவர், கீழநீராவியில் எந்த மதத்து விசேஷத்துக்கும் டீ அவருடையதுதான். மாப்பிள்ளையிடம் டம்ளரை நீட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

“மாப்ளை, எங்க உம்மாவுக்குக் காது மந்தம். என் போன்ல பேச்செழுத்து நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுட்டு. என்ன காரணம்? உங்க கம்பெனி போன்தான்.”

கோமதிநாயகம் கெட்ட மனிதர் இல்லை. மாமனார் வீட்டு விருந்தும் வெற்றிலையும் கொடுத்த உற்சாகத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, எல்லாத்தையும் பழைய போனுக்கே குடுத்துட்டா புதுசை யாரு வாங்குவா? சில வசதிக்குப் பழைய போன்ல நெசமாவே தெம்பு பத்தாது, அது வேற. இது நல்லாத்தான் ஓடிச்சு. நான்தான் மீட்டிங்ல சொன்னேன், இதைப் புதுசுக்கு மட்டும் வெச்சுக்கிடுவோம்னு. ஒரே ஒரு வரி. நானே உக்காந்து எழுதிப் போட்டேன், நின்னுடுச்சு” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னது சொன்னபடி, சிரித்த இடம் உட்பட, பந்தலின் மறுபக்கம் வளையல் தட்டோடு நின்றிருந்த உலகம்மாளின் கையில் எழுத்தாக ஓடியது. அவள் ஒரு தடவை படித்தாள். தட்டைக் கீழே வைத்தாள். ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

“தம்பி, தெம்பு இருந்துச்சா அதுக்கு?”

அவர் முதலில் யார் என்ன என்று விளங்காமல் எழுந்தார். “அக்கா, நான் பொதுவா...”

“என் போனும் உங்க கம்பெனிதான். அதுக்குத் தெம்பு இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சுக்கா” என்றார் அவர்.

அதையும் அவள் படித்தாள். அதுவரை அந்த ஊரில் யாரும் அந்த வீட்டு மாப்பிள்ளையை ஒருமையில் பேசியதில்லை. “இனிமே உனக்குப் புதுசு எதுவும் கிடையாது. போ” என்றாள் உலகம்மாள், அவளுக்கே உரிய அளவு தெரியாத குரலில், ஊர் கேட்க. போனைக் குழல்வாய்மொழியின் மடியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது அந்த வருஷத்து முதல் சாரல் மலையிலிருந்து இறங்கி ஊரை நனைத்தது. தெருவில் நின்றவர்கள் நனைந்தார்கள், மாடுகள் நனைந்தன, பந்தல் கால்கள் நனைந்தன, வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த கோமதிநாயகத்தின் மேல் ஒரு துளி விழவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், வானம் நேற்றைய வானமாக வெளுத்துக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே, “மாப்ளைக்கு வரலை போலிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்குக் காலைப் பேப்பரை மடியில் வைத்தார்கள், அவருக்கு மடிதான் தெரிந்தது. பால் விட்ட காப்பியைக் கொடுத்தார்கள், டம்ளர் காலியாக இருந்தது. அன்றைக்குத்தான் தறியிலிருந்து அறுத்து வந்த புது வேட்டியைக் கட்டிவிட்டு இடுப்பில் ஒன்றும் இல்லை என்று அலறினார். கீழநீராவி மெல்ல மெல்லக் கணக்கைப் புரிந்துகொண்டது: வளைகாப்புக்கு முன் உலகத்தில் இருந்ததெல்லாம் அவருக்கு உண்டு, அதற்குப் பிறகு உண்டானது எதுவும் அவருக்கு இல்லை. காஜா மைதீன் கடையில் இதைப் பற்றி நடந்த பேச்சு மாதக்கணக்கில் ஓயவில்லை. தோசை இன்றைக்குச் சுட்டது ஆகவே வராது என்று ஒரு கட்சி, மாவு இன்றைக்கு அரைத்ததானாலும் அரிசி போன வருஷத்து அறுப்பு ஆகவே தோசை வரும் என்று ஒரு கட்சி. வரவழைத்துப் பார்த்தார்கள், தோசை வந்தது, வளைகாப்புக்குப் பிறகு பூத்துக் காய்த்த கத்தரிக்காய் போட்ட சாம்பார் வரவில்லை. பால் இன்றைக்குச் சுரந்தது, தேயிலை போன வருஷத்துக் கொழுந்து, ஆகவே மாப்பிள்ளைக்குக் கட்டஞ்சாயாதான் என்று முடிவாயிற்று. அவருக்குப் போடுகிற டம்ளரைக் காஜா மைதீன் தனியாக வைத்தார், தன் உம்மாவை நினைத்து அதில் சீனி போடவில்லை.

பழையதையாவது அவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பேச்செழுத்து போன போன்காரர்கள் எல்லாம் வேண்டாம் என்ற பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மஞ்சள் ஏறிய மடிப்புச் சட்டைகளைத் துணிக்கடைக்காரர் அவர் தலையில் கட்டினார். ஆவுடையம்மாள் மருமகனுக்காக வீடு வீடாகப் பழைய அரிசி, பழைய புளி, போன கோடையில் போட்ட வத்தல் என்று கேட்டு நடந்தாள், பாதி வீடுகளில் இருந்தும் இல்லை என்றார்கள். கண் டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, பத்தியமாகப் பழைய கருப்பட்டி சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார், எழுதிய சீட்டு அவர் கையில் இல்லை. தென்காசித் தடத்தில் புது பஸ் விட்டபோது, நிறுத்தத்தில் நின்ற ஆட்கள் தரையிலிருந்து எழும்பி, காற்றில் வரிசையாக உட்கார்ந்து, கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டே பறந்து போவதைக் கோமதிநாயகம் நின்று பார்த்தார்.

பெங்களூருக்குப் போய்ப் பார்த்தார். புதுசு தவிர வேறொன்றும் இல்லாத அந்த அலுவலகத்தில் அவருக்கு நாற்காலிகளும் மனிதர்களும்தான் மிஞ்சினார்கள். அடுத்த மாடலை வெளியிட்ட விழாவில், மேடையில் ஒருவர் வெறும் கையைத் தூக்கிக் காட்ட, ஆயிரம் பேர் எழுந்து கைதட்டினார்கள். உடம்பு சரியாகட்டும் என்று லீவு கொடுத்து அனுப்பினார்கள். ஆவணி பிறக்கும்போது கீழநீராவிக்கே திரும்பி வந்தார்.

அப்போது ஊரில் ஒரே பேச்சுதான். பிள்ளை வளைகாப்புக்கு முன்பே வயிற்றில் இருந்தது, ஆகவே பழசு, ஆகவே தெரியும் என்றார்கள் சிலர். வயிறுதான் பழசு, பிறப்பு புதுசு என்றார்கள் சிலர். குழல்வாய்மொழி பெண் பெற்றாள். பிள்ளையைத் தன் பழைய புடவைத் துணியில் சுற்றி ஆவுடையம்மாள் மருமகன் முன்னால் நீட்டினாள். துணி தெரிந்தது. உள்ளே யாரோ இருப்பது போல உருண்டு, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தத் துணியை அவர் வாங்கினார். கையில் கனம் ஏறவில்லை. நடுவில் இருந்த பள்ளத்தையே பார்த்தார், காதை அருகே கொண்டுபோனார். வார்டே வந்து பார்க்கிற மாதிரி பிள்ளை அழுததாம். அவர் “இன்னும் அழலியா?” என்று கேட்டார். ஆவுடையம்மாள் பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். பேரும் புதுசு, அவருக்கு வரவில்லை. யார் அதைச் சொன்னாலும் அந்த இடத்தில் வாய் மட்டும் அசைந்தது. வீட்டில் தொட்டில் தானாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மனைவியிடம், “நீ போய் உங்க மதினிகிட்டக் கேளேன். காலில் விழச் சொன்னாலும் விழுறேன்” என்றார்.

குழல்வாய்மொழி அவருக்குத் தெரியாத ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “எங்க அண்ணன் கடைசியா என்ன சொன்னாருன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, நான் போய்க் கேக்கேன்” என்றாள்.

கடைசியில் ஆவுடையம்மாள்தான் தாம்பாளத்தில் வெற்றிலை பழத்தோடு பாத்திரக்கடைக்குப் போனாள். கடை சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டப் போனவளை உலகம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“நீங்க எழுதாதிய சின்னத்தை. அவன் வரட்டும். வந்து என் போன்ல பேசட்டும். என் போன் எழுதுனா நான் படிக்கேன்.”

கோமதிநாயகம் போனார். அண்டாக்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, உலகம்மாள் தன் போனை எடுத்து அவர் வாயருகே பிடித்தாள். அவர் பேசினார். முதலில் வார்த்தை தேடினார், பிறகு நிற்காமல் வந்தது. மன்னிப்பு கேட்டார், காரணம் சொன்னார், பிள்ளையைப் பற்றிச் சொல்ல வந்து அழுதார். வெளியே பஜார் கூடி நின்று கேட்டது. கேட்ட அத்தனை பேருக்கும் புரிந்தது, அவளுக்கு மட்டும் புரியவில்லை. அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. அவர் முடித்ததும், “ஒண்ணும் வரலியே. நாளைக்கு வா” என்றாள்.

மறுநாளும் வந்தார். அடுத்த நாளும் வந்தார். ஐப்பசி மழை அவரைத் தொடாமல் பெய்து தீர்ந்தது, மார்கழி வந்து போயிற்று, தினமும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார், தினமும் அவள் போனைப் பிடித்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தாள். பேசப் பேச அவர் பேச்சு மெலிந்தது, காரணங்கள் முதலில் உதிர்ந்தன, பிறகு கெஞ்சல் உதிர்ந்தது. யாராவது அவருக்காக அவளிடம் சைகையில் பரிந்து பேச வந்தால், “ஆஸ்பத்திரியில நானும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்” என்பாள். வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். மறு வைகாசியில் ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தவர் வாயைத் திறக்காமல் அந்த இரண்டு வரியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, பழைய பஸ் ஓடுகிற புளியங்குடித் தடத்துக்கு நடந்து போய், மாறி மாறிப் பெங்களூர் போய்ச் சேர்ந்தார்.

கம்பெனியின் கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பழையதுதான். மற்றவர்கள் அந்த வருஷத்தில் எழுதிக் குவித்த அத்தனையும் அவருக்கு வெறும் இருட்டாக இருந்தது, அந்த இருட்டில் அவர் கையால் எழுதிய அந்த ஒரு வரி மட்டும் தனியாகத் தெரிந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. அழித்தார். பழைய போன்கள் எல்லாம் ஊர் ஊராகப் பேச்சை எழுதத் தொடங்கியபோது, இனி நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று கம்பெனி அதைத் தன்னுடைய அன்புப் பரிசு என்று விளம்பரம் செய்தது. அவரை வேலையை விட்டு நீக்கியது.

அவர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாளில் பாத்திரக்கடையில் குழல்வாய்மொழியும் ஆவுடையம்மாளும் இருந்தார்கள். பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள், அது விளிம்பைத் தட்டித் தட்டி விளையாடியது. ஊறுகாய் ஜாடி விலை கேட்க வந்த காஜா மைதீனும், பஜார் ஆட்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டு, உலகம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, முதன்முதலாக ஒரு வார்த்தை சொன்னது. மேசைமேல் கிடந்த உலகம்மாளின் போனில் அந்த வார்த்தை எழுத்தாக வந்து நின்றது.

எல்லோரும் குனிந்து படித்தார்கள். ஆவுடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உலகம்மாள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நின்றவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள், குழல்வாய்மொழியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். குழல்வாய்மொழி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய கோமதிநாயகத்தின் நெற்றியில் சாரல் விழுந்தது. பாலத்துக்கு அடித்திருந்த புது வர்ணம் தெரிந்தது, புது பஸ் தெரிந்தது, அதன் ஹார்ன் கேட்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் ஒரு பெண் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவரைக் கண்டதும் முகம் கோணி அழுதது. “முத்தரசி, அப்பா வந்திருக்காருடி” என்றாள் குழல்வாய்மொழி, மகளின் பேரை அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். அவர் நீட்டிய கைக்கு அது வரவில்லை.

இன்றைக்குத்தான் பிள்ளை முதல் வார்த்தை பேசிற்று என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனதை அவர் கேட்டுவிட்டார். “என்ன சொன்னா?” என்று மாமியாரைக் கேட்டார். ஆவுடையம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மனைவியைக் கேட்டார். “நான் சொல்றதா இல்லை” என்றாள் அவள். டீக்கடைக்குப் போனார். காஜா மைதீன் பால் விட்ட டீயை நிறையச் சீனி போட்டுக் கையில் கொடுத்தார், “குடிங்க மாப்ளை, ஆறிரும்” என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. பஜாரில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டார். அத்தனை பேரும் அன்பாகத்தான் நின்றார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், வேலை போனதற்கு வருத்தப்பட்டார்கள், கலைந்து போனார்கள்.

பாத்திரக்கடையில் வெளியூர்ப் பெண் ஒருத்தி சீர் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். உலகம்மாள் போனை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள்.

“அக்கா, எம்மக முதல்ல பேசுன வார்த்தை என்ன?”

கேட்டது கேட்டபடி, ஒரு எழுத்து பிசகாமல் திரையில் வந்தது. அவள் படித்து முடித்தாள்.

“தெரியாதுன்னு சொல்ல மாட்டேன் தம்பி, முடியாதுன்னும் பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் உலகம்மாள், பஜார் முழுக்கக் கேட்க. “எனக்கு நல்லாத் தெரியும். சொல்ல மாட்டேன்.”

பிறகு சீர் வாங்க வந்தவள் பக்கம் திரும்பி, கையில் இருந்த குடத்தைத் தராசில் வைத்தாள்.